பூதத்தின் உள்ளே இருந்தவர்

நாம் பணிபுரியும் கல்லூரியில் மாதம் ஒருமுறை, மாலை வகுப்புகள் முடிந்தபின், பழைய திரைப்படம் ஒன்றை மாணவர்களுக்குத் திரையிட்டுக் காட்டுவது வழக்கம். தமிழ்த்துறைக்கும் திரைப்படத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கதை சொல்லும் கலை எந்த வடிவில் வந்தாலும் அது இலக்கிய மாணவன் காணத்தக்கதே என்பதுதான் நம்முடைய மறுமொழி. அவ்வாறு ஒருமுறை, 1956இல் வெளிவந்த 'இட் காங்கர்ட் த வேர்ல்ட்' என்னும் அமெரிக்கப் படத்தைத் திரையிட்டோம். 'அது உலகை வென்றது' என்பது தலைப்பின் பொருள். வெள்ளிக் கோளிலிருந்து வந்த உயிரி ஒன்று கலிபோர்னியாவின் குகையொன்றில் பதுங்கியிருந்து மனிதர்களின் மனங்களைத் தன்வயப்படுத்துகிறது என்பது கதை.

படத்தின் பெரும்பகுதியை மாணவர்கள் அமைதியாகவே பார்த்தார்கள். கடைசிப் பகுதியில் அந்த உயிரி குகையை விட்டு வெளியே வந்தது. தலைகீழாக நட்டுவைத்த முள்ளங்கி போன்ற கூம்பு உடல், நண்டின் கொடுக்கைப் போன்ற இரு கைகள், பற்கள் நிறைந்த வாய், நெரித்த புருவம். பட்டப்பகலில், வெயிலில், அது ஆடி அசைந்து வந்து நின்றது. கூடம் சிரிப்பால் அதிர்ந்தது. உண்மையைச் சொல்லிவிடுவோம், நாமும் சிரித்தோம்.

விளக்குகள் எரிந்தபின் முதலாண்டு மாணவி ஒருவர் எழுந்து, "ஐயா, அதுக்குள்ள இருந்தது யாரு?" என்று கேட்டார். அணுகுண்டு, பனிப்போர், கம்யூனிச அச்சம் என்று விளக்கம் சொல்ல ஆயத்தமாக நின்ற நமக்கு அந்த எளிய வினாவுக்கு விடை தெரியவில்லை. தேடிச் சொல்கிறோம் என்றோம். அவ்வாறு தேடியதன் விளைவே இக்கட்டுரை.

*

முதலில் இப்படங்கள் பிறந்த சூழலைச் சொல்லவேண்டும்.

1948ஆம் ஆண்டு அமெரிக்க உச்சநீதிமன்றம், பாரமவுண்ட் உள்ளிட்ட பெரும் படநிறுவனங்கள் மீது தொடரப்பட்ட வழக்கில் ஒரு தீர்ப்பை வழங்கியது. படம் எடுப்பவர்களே திரையரங்குகளையும் சொந்தமாக வைத்திருந்து, தம் படங்களை மூட்டை மூட்டையாகக் கட்டி அரங்குகளின் தலையில் ஏற்றிய வழக்கத்துக்கு அது முடிவுகட்டியது. அரங்குகள் கைவிட்டுப் போனபின், முதன்மைப் படத்துக்குத் துணையாக ஓடும் மலிவான இரண்டாம் படங்களை ஆண்டுதோறும் எடுத்துக் குவிப்பதில் பெருநிறுவனங்களுக்கு ஆதாயம் குறைந்தது. அதே காலத்தில் வீடுகளுக்குள் தொலைக்காட்சி நுழைந்தது. போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளுக்குள் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வாரந்தோறும் செல்வோர் தொகை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது.

ஆனால் வீட்டில் தங்க விரும்பாத ஒரு கூட்டம் எஞ்சியிருந்தது. அது இளைஞர் கூட்டம். காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகள் அவர்களுடைய மாலைப்பொழுதுகளை ஈர்த்தன. 'டிரைவ்-இன்' எனப்பட்ட அவ்வரங்குகள் 1950களின் இறுதியில் அந்நாடெங்கும் சுமார் 4000 இருந்தன. அவற்றுக்கு ஒரே சீட்டில் இரண்டு படங்கள் வேண்டும். அதுவும் மலிவாக வேண்டும்.

பூதப்படங்களுக்குச் சந்தை உண்டு என்பதைக் காட்டியது ஒரு பழைய படம். 1933இல் வந்த 'கிங் காங்' 1952இல் மறுபடியும் திரையிடப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டே 'த பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபேதம்ஸ்' வந்தது. அணுகுண்டுச் சோதனையால் வடதுருவப் பனியில் துயில்கலைந்த தொல்விலங்கொன்று நியூயார்க் நகருக்குள் புகுவது கதை. ஏறத்தாழ 2 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட அப்படம் பல மடங்கு ஈட்டியது. 1954இல், அணுச்சோதனை நடந்த பாலைவனத்தில் பூதாகரமாக வளர்ந்த எறும்புகளைக் காட்டும் 'தெம்!' வந்தது. வழி திறந்துவிட்டது.

அவ்வழியில் சிறு முதலாளிகள் புகுந்தார்கள். அவர்களுள் முதன்மையானவர்கள் ஜேம்ஸ் நிக்கல்சன், சாமுவேல் ஆர்க்காஃப் என்னும் இருவர். 1954இல் அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1956 முதல் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்று பெயர்பெற்றது. அவர்களுடைய தொழில்முறை வேடிக்கையானது. முதலில் நிக்கல்சன் ஒரு தலைப்பைச் சிந்திப்பார். அத்தலைப்புக்கு ஏற்பச் சுவரொட்டி தீட்டப்படும். சுவரொட்டியைக் கண்டு அரங்க உரிமையாளர்கள் தலையசைத்தால், அதன்பிறகே கதை எழுத ஆள் தேடுவார்கள். இரண்டாம் படமாகப் போனால் வரும் தொகை சொற்பம் என்பதால், இரு படங்களைத் தாமே எடுத்து இணைத்தே விற்றார்கள். நாம் திரையிட்ட படமும் அவ்வாறு 'த ஷீ-க்ரியேச்சர்' என்ற இன்னொரு பூதப்படத்துடன் இணைந்து வந்ததுதான்.

இந்த அவசரத்தில், இந்தச் சிக்கனத்தில், பூதங்களுக்கு உடல் எங்கிருந்து கிடைக்கும்? 1953இல் வந்த 'ரோபாட் மான்ஸ்டர்' படத்தில், இயந்திர மனிதனுக்குரிய உடுப்பைச் செய்யப் பணமில்லை. ஆகவே சொந்தமாகக் கொரில்லா உடுப்பு வைத்திருந்த ஜார்ஜ் பாரோஸ் என்ற நடிகரை அழைத்து, தலையில் முக்குளிப்போர் அணிவதுபோன்ற கவசத்தை மாட்டிவிட்டார்கள். 1959இல் வந்த 'த கில்லர் ஷ்ரூஸ்' படத்தில், மனிதரைத் தின்னும் மூஞ்சூறுகளாக நடித்தவை, மேலே மயிர்த்தோல் போர்த்திய வேட்டை நாய்கள். இவற்றையெல்லாம் பட்டியலிட்டுச் சிரிப்பது எளிது. அவ்வாறு சிரித்து எழுதப்பட்ட புத்தகங்களும் பல.

சிரிக்காதவர்கள் வேறொன்று செய்தார்கள். இப்படங்களை அச்சத்தின் ஆவணங்களாக வாசித்தார்கள். பூத எறும்பு என்பது அணுக்கதிர். மனத்தைப் பற்றும் வேற்றுக்கோள் உயிரி என்பது கம்யூனிசம். நீருக்கடியில் வாழும் மிருகம் என்பது அடக்கிவைத்த காமம். இவ்வாசிப்புகளில் உண்மை இல்லாமலில்லை. நாமும் வகுப்பில் இவற்றைச் சொல்லியிருக்கிறோம். ஆனால் சிரிப்பவரும் சரி, குறியீடு தேடுபவரும் சரி, பூதத்தைக் கண்டார்களேயன்றி அதைத் தைத்த கையைக் காணவில்லை. அந்த மாணவியின் வினாவுக்குப் பிறகு நமக்கு வேறொரு வாசிப்பு தேவைப்பட்டது. அந்த ரப்பர் உடல்கள் ஒவ்வொன்றிலும், யாருக்கு எவ்வளவு பணம், எவ்வளவு நேரம், எவ்வளவு மதிப்பு தரப்பட்டது என்ற கணக்கு பதிந்திருக்கிறது. அதைப் படிக்க முயல்வோம்.

*

இக்காலத்துப் பூதங்களுள் அழகானது எது என்றால், பலரும் தயங்காமல் காட்டுவது 1954இல் யுனிவர்சல் நிறுவனம் முப்பரிமாணப் படமாக வெளியிட்ட 'க்ரியேச்சர் ஃப்ரம் த பிளாக் லகூன்' படத்தின் மீன்மனிதனை. பெரிய நிறுவனத்தின் தயாரிப்பு ஆயினும், அந்நிறுவனத்தின் கணக்கில் அதுவும் சிக்கனமான வகைப்படமே. அமேசான் ஆற்றின் உட்பகுதியில் மனிதனும் மீனுமாகிய உயிரி ஒன்று வாழ்வதாக வழங்கிய கதையை, மெக்சிகோவின் புகழ்பெற்ற ஒளிப்பதிவாளர் கேப்ரியேல் ஃபிகெரோவா, ஆர்சன் வெல்ஸ் அளித்த விருந்தொன்றில் சொன்னாராம். அங்கே இருந்த வில்லியம் ஆலண்ட் அதை மறவாமல் வைத்திருந்து, தயாரிப்பாளரானபின் படமாக்கினார். இயக்கியவர் ஜாக் ஆர்னல்ட்.

செதிலும் செவுளும் கொண்ட அந்த முகத்தை வரைந்து வடிவமைத்தவர் மிலிசன்ட் பேட்ரிக் என்ற பெண். 1915இல் பிறந்தவர். தந்தை கட்டுமானப் பொறியாளர். டிஸ்னி நிறுவனத்தில் 'ஃபேன்டேசியா' போன்ற படங்களில் பணியாற்றிய ஓவியர். பின்னர் சிறு வேடங்களில் நடித்தபடியே யுனிவர்சலின் ஒப்பனைத் துறையில் வடிவமைப்பாளரானார். ஆண்கள் மட்டுமே நிறைந்திருந்த துறை அது. அவர் வரைந்ததைச் சிற்பி கிறிஸ் முல்லர் தலையாக வடித்தார். ஜாக் கெவன் உடலுடுப்பைச் செய்வித்தார். பலர் கைபட்ட வேலைதான். ஆனால் படத்தில் எழுத்துப் போடும்போது ஒப்பனைக்கு வந்த பெயர் ஒன்றே. அது துறைத்தலைவர் பட் வெஸ்ட்மோருடையது.

இதற்குப்பின் நடந்தது அதனினும் கொடிது. படத்தின் விளம்பரத்துக்காக மிலிசன்ட்டை ஊர் ஊராக அனுப்ப நிறுவனம் திட்டமிட்டது. மிருகத்தைப் படைத்த அழகி என்பது அப்பயணத்துக்கு வைத்த பெயர். வெஸ்ட்மோர் அதை எதிர்த்தார். 'படைத்த' என்ற சொல் அவரை உறுத்தியது. பெயர் மாற்றப்பட்டது: மிருகங்களோடு வாழும் அழகி. ஒரு வினைச்சொல் மாறியதில் படைப்பாளி காட்சிப்பொருளாகிவிட்டார். இலக்கணம் கற்பிக்கும் நமக்கு, ஒரு வினைச்சொல்லின் மாற்றம் ஒருவர் வாழ்வை இவ்வளவு மாற்றியதற்கு வேறு எடுத்துக்காட்டு தெரியவில்லை. அந்தப் பயணத்தில் மிலிசன்ட், தம் துறைத்தலைவரின் பெயரைப் பெருமையோடு சொல்லிவந்தும், திரும்பி வந்தபோது அவருக்கு அங்கே வேலை இல்லை. அதன்பிறகு அவர் எந்தப் பூதத்தையும் வடிவமைக்கவில்லை. சிறு வேடங்களில் சில காலம் தோன்றி, மெல்ல மறைந்தார். 1998இல் இறந்தார். மேலரி ஓமீரா என்ற எழுத்தாளர் தேடித் தொகுத்து எழுதிய வாழ்க்கை வரலாறு 2019இல்தான் வந்தது. அதாவது, அந்த முகம் உலகப்புகழ் பெற்று 65 ஆண்டுகள் கழித்து.

உடுப்பை வரைந்தவர் நிலை இது. அணிந்தவர்கள் நிலை என்ன? மீன்மனிதனாக நடித்தவர்கள் இருவர். தரையில் பென் சாப்மன். நீருக்கடியில் ரிக்கோ பிரவுனிங். ஃபுளோரிடாவின் வகுல்லா நீரூற்றில், நீரின் அடியில், முதுகில் காற்றுக்குடுவை ஏதுமின்றிப் பிரவுனிங் நீந்தினார். பூதத்தின் வாயிலிருந்து காற்றுக்குமிழிகள் வரக்கூடாது அல்லவா? மூச்சை அடக்கிக்கொண்டு நடிப்பார். முடியாதபோது படக்கருவியின் பார்வைக்கு அப்பால் வைத்திருந்த குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டுத் திரும்புவார். மேலே வெண்ணிற உடையில் நீந்தும் நாயகிக்குக் கீழே, அவளறியாமல், அவளை ஒத்து மல்லாந்து நீந்திவரும் அந்த மிருகத்தின் காட்சியை ஒருமுறை கண்டவர் மறப்பதில்லை. அதில் நாம் காணும் நளினம் ரப்பருக்குரியதன்று. 23 வயது நிரம்பிய ஒரு நீச்சல்காரனுக்குரியது. சாப்மனோ ஆறடிக்கும் மேல் உயர்ந்தவர். உடுப்பை அணிந்தபின் உட்காரவும் இயலாது. வெப்பம் தாளாமல், படப்பிடிப்பின் இடைவேளைகளில் அரங்கத்தின் பின்புறக் குளத்தில் இறங்கிக் கிடப்பாராம். இவ்விருவர் பெயரும் படத்தின் எழுத்தில் இல்லை. பூதத்தை உண்மை என்று நம்பவைக்க வேண்டுமானால் உள்ளே ஆள் இருப்பதைச் சொல்லக்கூடாது என்பது அன்றைய வணிக நியாயம்.

*

பெருநிறுவனத்தில் இதுவென்றால், சிறுநிறுவனத்தில் எப்படி இருந்திருக்கும்? இங்கேதான் நம் மாணவியின் வினாவுக்குரிய விடை கிடைக்கிறது. அந்த முள்ளங்கிப் பூதத்துக்குள் இருந்தவர் பால் பிளெய்ஸ்டெல். அதைச் செய்தவரும் அவரே.

பிளெய்ஸ்டெல் 1927இல் பிறந்தவர். அறிவியல் புனைகதை இதழ்களுக்கு ஓவியம் தீட்டிவந்தார். லாஸ் ஏஞ்சலஸை அடுத்த டோபாங்கா பள்ளத்தாக்கில், மனைவி ஜாக்கியுடன் வாழ்ந்தார். திரையுலகுக்கு அவர் வந்த கதை அந்நிறுவனத்தின் தொழில்முறையைத் தெளிவாகக் காட்டும். 1955இல் 'த பீஸ்ட் வித் அ மில்லியன் ஐஸ்' என்றொரு படம் முடிந்தது. 'பத்து லட்சம் கண்கள் கொண்ட மிருகம்' என்பது பொருள். வேற்றுக்கோளிலிருந்து வந்த உயிரிக்குத் தனக்கென உடல் இல்லை. பறவைகள், விலங்குகள் ஆகியவற்றின் கண்கள் வழியே அது காண்கிறது. தலைப்பின் பொருள் அதுதான். சிந்தித்துப் பார்த்தால் நல்ல கற்பனை. ஆனால் சுவரொட்டியில் பல கண்களுடைய கொடூர விலங்கொன்று தீட்டப்பட்டிருந்தது. படத்திலோ விலங்கே இல்லை. சுவரொட்டியை வாங்கியவர்கள் பூதம் எங்கே என்று கேட்டபோது, கடைசி நேரத்தில், மிகக் குறைந்த தொகைக்குச் செய்துதரக்கூடிய ஒருவரைத் தேடினார்கள். பிளெய்ஸ்டெல் கிடைத்தார். உழைப்புக்கு 200 டாலர், பொருள்களுக்கு 200 டாலர். ஒன்றரையடி உயரமுள்ள ஒரு பொம்மையை அவர் செய்துகொடுத்தார். படத்தில் அது தெளிவாகத் தெரியவுமில்லை. ஒரு பெரிய கண்ணின் உருவத்தை அதன்மேல் படியவைத்துவிட்டார்கள்.

அடுத்து, ரோஜர் கார்மன் இயக்கிய 'டே த வேர்ல்ட் எண்டட்' வந்தது. அணுப்போருக்குப் பின் எஞ்சிய சிலரின் கதை. ஒரு லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்டது. கதிர்வீச்சால் உருமாறிய மூன்று கண் பூதத்தைப் பிளெய்ஸ்டெல் செய்தார். பட்டறை கிடையாது; வீடுதான் பட்டறை. உடலோடு ஒட்டிய உள்ளாடையின்மேல் நுரைரப்பர்த் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டி, வண்ணம் பூசி, செதில்களை உண்டாக்குவார். மனைவியும் உடனிருந்து உதவுவார். உடுப்பு அவருடைய அளவுக்கே தைக்கப்பட்டது. ஏனெனில் அதை அணிந்து நடிக்க வேறோர் ஆளுக்குக் கூலி கொடுக்கும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. பிளெய்ஸ்டெல்லோ உயரம் குறைந்தவர். அவர் நாயகியைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கவேண்டும். கதையின்படி, தூய மழைநீர் பட்டதும் பூதம் அழிகிறது. நுரைரப்பர் நீரை உறிஞ்சும் பொருள். மழைக்காட்சியில் உடுப்பு நனைந்து கனக்கக் கனக்க, உள்ளே இருந்தவர் பட்ட பாடு நடிப்பில் சேர்ந்ததன்று.

இப்போது நம் முள்ளங்கிக்கு வருவோம். அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. கார்மன் பொறியியல் படித்தவர். வெள்ளிக் கோளில் ஈர்ப்புவிசை மிகுதி என்று கருதி, அங்கு வாழும் உயிரி தரையோடு தரையாகத் தாழ்ந்து பரந்திருக்கும் என்று முடிவுசெய்தார். (உண்மையில் வெள்ளியின் ஈர்ப்பு பூமியினுடையதைவிடச் சற்றுக் குறைவு.) வெப்பமும் ஈரமும் மிகுந்த கோள் என்ற அக்கால ஊகத்தைக் கொண்டு, விலங்காகவன்றித் தாவரமாக, காளானைப் போன்ற ஓர் உயிரியைப் பிளெய்ஸ்டெல் உருவாக்கினார். குகையின் இருளில் அசையாமல் அமர்ந்து, மனத்தால் மட்டுமே ஆளும் உயிரி. கை, கால்கள் அதற்குத் தேவையில்லை. அதன் வலிமை அறிவில். இருட்டில், பாதி மட்டும் தெரியும்படி காட்டப்படும் என்று எண்ணியே அது செய்யப்பட்டது. 'பியூலா' என்று செல்லப்பெயரும் இட்டார்கள்.

படப்பிடிப்பில் நாயகி பெவர்லி கார்லண்ட், இடுப்புயரமே இருந்த அந்த உருவத்தைக் கண்டு சிரித்து, இதுவா உலகை வெல்லப்போகிறது என்று கேலிபேசிக் காலால் உதைத்தார் என்பது கார்மன் பல பேட்டிகளில் மகிழ்ந்து சொன்ன செய்தி. பூதம் நாயகியைவிட உயரமாக இருக்கவேண்டும் என்ற பாடத்தை அன்று கற்றாராம். பூதத்தின் உயரம் கூட்டப்பட்டது; அதனால்தான் கூம்பு வடிவம். பிறகு, இருட்டுக்கென்று செய்யப்பட்டதைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். இருளில் அச்சந்தரக்கூடிய ஒன்றை வெயிலில் நிறுத்தினால் அது நகைப்புக்குரியதாகும். ஒரு நாடகக் கலைஞனுக்கு இது தெரியும். நம் ஊர்த் தெருக்கூத்துக் கலைஞருக்கும் தெரியும். பிளெய்ஸ்டெல்லுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஆனால் முடிவுசெய்யும் இடத்தில் அவர் இல்லை; அவர் பூதத்துக்குள் இருந்தார். படைவீரர்கள் துப்பாக்கிமுனைக் கத்திகளால் அதைக் குத்தும் காட்சிக்கு முன், மனைவி வற்புறுத்தியதால் தலையில் இரும்புத் தொப்பி அணிந்துகொண்டார் என்றும், கத்தியொன்று ரப்பரைத் துளைத்து அத்தொப்பியில் பட்டது என்றும் சொல்வார்கள்.

எழுபது ஆண்டுகளாக உலகம் சிரித்துவரும் அக்காட்சியில் நாம் காண்பது ஒரு கலைஞனின் திறமைக்குறைவை அல்ல. எந்த ஒளியில் தன் படைப்பைக் காட்டவேண்டும் என்று சொல்ல அதிகாரமற்ற ஒருவனின் நிலையைத்தான்.

*

அவர் கைத்திறனுக்குச் சான்று வேறு படங்களில் உண்டு. 1957இல் வந்த 'இன்வேஷன் ஆஃப் த சாசர் மென்' படத்தின் பெருந்தலைக் குள்ளர்கள், பிற்காலத்தில் வேற்றுக்கோள்வாசி என்றால் எல்லாரும் மனத்தில் காணும் உருவத்துக்கு நெருக்கமானவர்கள். 1958இல் 'இட்! த டெரர் ஃப்ரம் பியாண்ட் ஸ்பேஸ்' வந்தது. விண்கலத்துக்குள் ஒளிந்து ஒவ்வொருவராகக் கொல்லும் உயிரியின் கதை. 1979இல் வந்த 'ஏலியன்' படத்தின் முன்னோடி என்று பலராலும் கருதப்படுவது. அதில் பூதமாக நடித்த ரே கோரிகன், அளவெடுப்பதற்காக டோபாங்கா வரை செல்ல மறுத்துவிட்டார். முகமூடி சிறிதாகிப்போய், அவருடைய மோவாய் பூதத்தின் வாய்வழியே துருத்திக்கொண்டு நின்றது. பிளெய்ஸ்டெல் மனந்தளரவில்லை. மோவாய்க்கு நிறமூட்டி அதையே நாக்காக்கினார். கீழ்வரிசைப் பற்களைச் சேர்த்தார். பிழையை உறுப்பாக்கிக்கொண்ட அந்தக் கணம், கவிதை எழுதுவோருக்கு அந்நியமானதன்று என்றே எண்ணுகிறோம்.

இனிச் சொல்லப்போவதைக் கதையாக எழுதியிருந்தால் மிகை என்று நாமே ஒதுக்கியிருப்போம். 1958இல் அதே நிறுவனம் 'ஹவ் டு மேக் அ மான்ஸ்டர்' என்ற படத்தை வெளியிட்டது. 'பூதம் செய்வது எப்படி' என்று பொருள். படநிறுவனம் ஒன்றில் பல்லாண்டுகளாகப் பூத ஒப்பனை செய்துவந்த முதிய கலைஞன், நிறுவனம் கைமாறுகிறது, புதிய முதலாளிகள் பூதப்படங்களுக்கு இனி மவுசில்லை என்று அவனை வேலைநீக்கம் செய்கிறார்கள், அவன் பழிவாங்குகிறான். கதையில் வரும் நிறுவனத்துக்கு வைத்த பெயர்கூடத் தங்கள் பெயரேதான்! அக்கலைஞன் தன் வீட்டுச் சுவரெங்கும் தான் செய்த முகங்களை மாட்டி, அவற்றைத் தன் குழந்தைகள் என்கிறான். இறுதியில் வீடு தீப்பற்றி எரிகிறது. அதுவரை கறுப்பு வெள்ளையாக ஓடிய படம், தீயைக் காட்டுவதற்காகவே கடைசிப் பகுதியில் வண்ணமாகிறது.

அச்சுவரில் மாட்டியிருந்தவற்றுள் பிளெய்ஸ்டெல் செய்து கொடுத்த முகங்களும் இருந்தன. அவற்றுள் சில, அக்காட்சியில் உண்மையாகவே தீக்கிரையாயின. கைவிடப்பட்ட பூதக்கலைஞனின் துயரத்தைக் கதையாக விற்ற படத்தில், உயிரோடு இருந்த பூதக்கலைஞனின் படைப்புகள் விறகாயின.

மறுவருடம் 'கோஸ்ட் ஆஃப் டிராக்ஸ்ட்ரிப் ஹாலோ' என்ற நகைச்சுவைப் படத்தில், 'ஷீ-க்ரியேச்சர்' படத்துக்கென்று செய்த பழைய உடுப்பை மறுபடியும் அணிந்து வந்தார் பிளெய்ஸ்டெல். இறுதிக்காட்சியில் முகமூடி கழற்றப்படுகிறது. உள்ளே இருப்பவர், முந்தைய படங்களில் தாம் உழைத்ததையும், புதிய படத்தில் தம்மைச் சேர்த்துக்கொள்ளாமல் தள்ளிவிட்டதையும் சொல்லிப் புலம்புகிறார். பார்ப்போர் சிரிக்கவேண்டும் என்று எழுதப்பட்ட வசனம் அது. ஆனால் அதைச் சொல்லும் முகம் பிளெய்ஸ்டெல்லின் சொந்த முகம். அவருடைய வாழ்க்கையை அவருடைய வாயாலேயே வேடிக்கையாகச் சொல்லவைத்தார்கள். அவரும் சொன்னார்.

1960களின் தொடக்கத்தில், நண்பர் பாப் பர்ன்ஸுடன் சேர்ந்து பூதப்படங்களுக்கென்று ஓர் இதழ் நடத்திப் பார்த்தார். அது நிலைக்கவில்லை. பிறகு திரையுலகிலிருந்து முற்றாக விலகினார். ஒப்பனைக்கென்று ஆஸ்கர் விருதில் ஆண்டுதோறும் வழங்கும் தனிப்பிரிவு 1981ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. முதல் விருது ரிக் பேக்கருக்கு, மனிதன் ஓநாயாகும் படமொன்றுக்காக. பிளெய்ஸ்டெல் அப்போது உயிரோடு இருந்தார். 1983இல் காலமானார்.

*

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களுக்குச் சில புலவர்களின் பெயர் கிடைக்கவில்லை. அவர்கள் பாடலைப் பெயரற்றதாக விட்டுவிடவில்லை. பாடலுக்குள்ளிருந்தே ஒரு சொற்றொடரை எடுத்துப் புலவருக்குப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயல்நீரார் அவ்வாறு பெயர்பெற்றவர். தேய்புரிப் பழங்கயிற்றினாரும் அவ்வாறே. பெயரைக் காலம் அழித்தபோதும், படைத்தவர் ஒருவர் இருந்தார் என்பதை மறக்க அத்தொகுப்பாளர்கள் ஒப்பவில்லை. மிலிசன்ட்டின் பெயரோ காலத்தால் அழிந்ததன்று. அறிந்தே, கடிதம் எழுதி, ஒரு சொல்லைத் திருத்தி மறைக்கப்பட்டது. இவ்விரு செயல்களுக்கும் இடையிலுள்ள தொலைவைத்தான் நாம் வகுப்பில் பேசவேண்டும் என்று தோன்றுகிறது.

இப்படங்கள் யாவும் பெருங்கலை என்று வாதிட நாம் வரவில்லை. பல படங்கள் அவசரத்தில் எழுதி, அவசரத்தில் எடுத்து, அவசரத்தில் மறக்கப்பட்டவை. ஆயினும் அவற்றைக் கண்டு சிரிக்கும்போது நம் சிரிப்பு யார்மீது விழுகிறது என்பதை அறிந்து சிரிப்பது நல்லது. சிக்கனத்தால் ஈட்டியவர்கள் மீது அது விழுவதில்லை. வெயிலில், ரப்பருக்குள், மூச்சுமுட்ட நின்றவர் மீதே விழுகிறது.

அடுத்த மாதத் திரையிடலில் அதே படத்தின் கடைசிப் பகுதியை மட்டும் மறுபடியும் காட்டினோம். காட்டுவதற்கு முன், இங்கே எழுதியவற்றைச் சுருக்கமாகச் சொன்னோம். பூதம் குகையிலிருந்து வெளியே வந்தது. மாணவர்கள் இம்முறையும் சிரித்தார்கள்; சிரிப்பதற்கு உரிய உருவந்தான் அது. ஆனால் படைவீரர்கள் கத்தியோடு நெருங்கியபோது முன்வரிசையிலிருந்து, "ஐயோ, தொப்பி போட்டிருக்காருல்ல?" என்றொரு குரல் வந்தது. வினா எழுப்பிய அந்த மாணவியின் குரல்தான்.